மாரியாயி சிங்கிங்

துளை போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் காதில் முதல் வாரத்திலேயே ‘சிங்கிங்’ என்ற சொல் விழுந்திருக்கும். பாட்டுப் பாடுகிற சிங்கிங் அல்ல, பூமிக்குள் போர் இறக்குவதற்கு நம் தொழிலில் அதுதான் பெயர். ‘இன்றைக்கு எத்தனை அடி சிங்கிங்?’ என்று மேலே இருப்பவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அவர் எழுதிக்கொள்வார். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு என்பது இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் செய்த காரியத்தை இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் சொல்லி வருகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிலும் போர் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். அந்தப் போர்களில் சிலவற்றை ஒரு சென்னைக் கம்பெனி காண்டிராக்ட் எடுத்திருந்தது. நான் அதில் ரைட்டர். ரைட்டர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஜர் எடுப்பது, டைப் அடிப்பது, ஃபைல் கட்டுவது, டீசல் பீப்பாய் எண்ணுவது எல்லாம் ஒரே ஆள்தான். மந்தாரக்குப்பத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பு ஓரத்தில் கூரை போட்ட ஷெட்டு எங்கள் ஆபீஸ். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் எல்லாம் பெர்மனன்ட் ஆட்களுக்கு. எங்களுக்கு ஷெட்டுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டில்.

போர் போட வேண்டிய இடங்களுக்கு எஞ்சினியர் நம்பர் கொடுத்திருந்தார். ஆட்கள் நம்பர் சொல்ல மாட்டார்கள். ஒன்று ‘பனைமரம் பாயிண்ட்’, இன்னொன்று ‘ஒடஞ்ச கெணறு பாயிண்ட்’. ஒன்பதாம் நம்பர் ‘மாரியாயி பாயிண்ட்’. அங்கே ஒரு முந்திரி மரத்தடியில் மஞ்சள் பூசிய சிறு கல் ஒன்று இருந்தது. பக்கத்துக் குடியிருப்பு ஜனங்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். நானும் ஆட்களோடு சேர்ந்துகொண்டு, சென்னைக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் கூட ‘மாரியாயி’ என்றே அடித்து வந்தேன். எஞ்சினியர் இரண்டு தடவை கண்டித்தார்.

“நம்பரைப் போடுப்பா. பேருக்கு நூறு சொந்தக்காரங்க வருவாங்க. நம்பருக்கு யாரும் வர மாட்டாங்க.”

நான் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே அடித்தேன். பெயர் வைத்தால் ரிப்போர்ட்டுக்கு ஒரு களை வருகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஒன்பதாம் பாயிண்டில் வேலை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று மூன்று வாரமாக இழுபறி. கல்லை நகர்த்தக் கூடாது, பத்தடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஜனங்கள் சொன்னார்கள். பத்தடி தள்ளலாமா என்று சென்னையைக் கேட்டிருந்தோம். சென்னையில் மேனேஜர் பெயர் மணி. அவருடைய தந்திகள் எல்லாம் ‘மணி’ என்றுதான் முடியும். எஞ்சினியர் இந்த விஷயமாகப் பேசவும், சொந்த வேலையாகவும் சென்னைக்குப் போனார். போகும்போது, “செவ்வாய்க்கிழமை சாயந்திரம் விருத்தாசலத்துக்கு ஜீப் அனுப்பு. நடுவுல தந்தி வந்தா அதுல சொன்னபடி செய்” என்றார்.

முகாமுக்கு நான் பொறுப்பு. நாற்காலியை அவர் மேஜைப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தந்திச் சேவகர் சைக்கிளில் வந்தார். மேனேஜர், துளை முகாம், மந்தாரக்குப்பம் என்ற விலாசம், முகாமுக்கு யார் எழுதினாலும் அப்படித்தான் போடுவார்கள். பிரித்தேன். ஆங்கிலத்தில் நாலு சொல், ஒரு பெயர்.

‘மாரியாயி சிங்கிங் ஸ்டார்ட் இம்மீடியட்லி மணி.’

இதைவிடத் தெளிவாக ஓர் உத்தரவை யார் எழுத முடியும்? மாரியாயி பாயிண்டில் சிங்கிங்கை உடனே தொடங்கு, இப்படிக்கு மணி. எழுந்து வெளியே ஓடினேன்.

“மேஸ்திரி! மாரியாயிக்கு ஆர்டர் வந்துட்டுது!”

மேஸ்திரி ஏழுமலை அப்போது ஷெட்டு நிழலில் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது. பெரிய உடம்பு, சின்னக் குரல். போர் இறக்குவதில் அவரைப் போல ஓர் ஆளை நான் பிற்பாடும் பார்த்ததில்லை. ராடு மண்ணுக்குள் போகிற சத்தத்தை வைத்தே களிமண்ணா மணலா என்று சொல்லிவிடுவார்.

“இன்னைக்கேவா ரைட்டரே?”

“இம்மீடியட்லின்னு போட்டிருக்கு. அப்படின்னா இப்பவே.”

“அப்ப ஒரு தேங்கா வாங்கணுங்க. சும்மா போயி அந்தம்மா மடியில கடப்பாறைய எறக்கக் கூடாது.”

தேங்காய், சூடம், வாழைப்பழம் வாங்க ஆள் போனது. டிராக்டரை வைத்து, துளை போடும் ரிக்கை இழுத்தோம். முந்திரித் தோப்பு மணலில் சக்கரம் இரண்டு முறை புதைந்தது. பதினாறு பேர் தள்ளினோம், நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். கல்லிலிருந்து பத்தடி அளந்து, முளை அடித்து, மதியம் இரண்டு மணிக்கு ரிக்கின் மூன்று கால்களையும் நிறுத்திவிட்டோம். குடியிருப்பு ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லுக்கு முன்னால் தேங்காயை உடைத்தார். சூடத்தை ஏற்றிக்கொண்டே அவர் வேண்டியது எனக்கு நன்றாகக் கேட்டது.

“மாரியாயி, தாயே, கோவிச்சுக்காத. ஒரு தடங்கலும் வராம நல்லபடியா எறக்கி வுட்டுடு.”

பொழுது சாய்வதற்குள் இருபது அடி போய்விட்டது. அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு போல ருசியாக அப்புறம் எதுவும் சாப்பிட்டதில்லை. எஞ்சினியர் இல்லாமலே ஒரு போர் ஆரம்பித்துவிட்டேன் என்று ஊருக்குக் கடிதம் வேறு எழுதினேன்.

மறுநாள் செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே சேவகர் வந்தார். இந்த முறை ஜவாபித் தந்தி. அதாவது பதிலுக்கும் சேர்த்து அனுப்பியவரே கட்டிவிடுவார். கூடவே ஒரு வெற்றுப் பாரம் இருக்கும், நாம் பதிலை எழுதிக் கொடுத்தால் அனுப்பியவருக்கே போய்விடும்.

‘மாரியாயி ஸ்டில் சிங்கிங் வொய் நாட் ஸ்டார்ட்டட் மணி.’

எனக்கு ரத்தம் சூடேறியது. இன்னும் சிங்கிங்தானா, ஏன் இன்னும் பம்பு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்கிறார் மனுஷர்! நேற்று மத்தியானம் ஆரம்பித்த போரில் இன்று காலை தண்ணீர் கேட்டால் நான் எங்கே போவேன்? மெட்ராஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மண் என்றால் என்னவென்று தெரியுமா? மேஸ்திரியிடம் போய், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன்.

“நாப்பது தாண்டிட்டங்க. நல்ல மண்ணு. ஒரு பிரச்சனையும் இல்ல. இதே மாரி போச்சுன்னா மூணு நாள்ல முடிச்சுக்கினு கெளம்பிடலாம்.”

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். நான் எழுதிய தந்திகளிலேயே அழகானது அதுதான் என்று நினைத்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘சிங்கிங் திருப்திகரமாக நடக்கிறது. ஒரு பிரச்சனையும் இல்லை. மூன்று நாளில் முடித்துவிடுவோம். பொறுமை காக்கவும். மேனேஜர்.’ பொறுமை காக்கவும் என்பதில் கொஞ்சம் காரம் இருக்கட்டும் என்றே சேர்த்தேன். சேவகர் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் எதற்காகக் காத்திருக்கிறோமோ அதையே காகிதம் சொல்வதாகப் படிப்போம். கண்ணில் கோளாறு இருக்காது. மூன்று வாரமாக மாரியாயிக்கு உத்தரவு வரும், வரும் என்று இருந்தவனுக்கு, மாரியாயி என்று ஆரம்பிக்கும் எதுவும் உத்தரவுதான். இரண்டு தந்தியையும் நான் நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் செய்தியை மட்டும்தான் படித்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, சாயந்திரம் எஞ்சினியர் வருகிறாரே, ஃபைலைச் சரியாக வைப்போம் என்று உட்கார்ந்தேன். வந்த தந்திகளை ஒரு நோட்டில் பதிய வேண்டும். தேதி, நேரம், எந்த ஆபீசிலிருந்து புறப்பட்டது என்று மூன்று கட்டம். தந்திப் பாரத்தின் தலையில் சின்ன எழுத்தில் அது இருக்கும். மெட்ராஸ் என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டு, ஒரு வழக்கத்துக்காகத்தான் பாரத்தைப் பார்த்தேன்.

செஞ்சி என்று இருந்தது.

இன்னொன்றைப் பார்த்தேன். அதிலும் செஞ்சி.

எங்கள் மேனேஜர் செஞ்சிக்குப் போய் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிஷம் உண்மையிலேயே யோசித்தேன். கோட்டை பார்க்கப் போயிருப்பாரோ? அப்புறம்தான் எங்கள் ஆட்களில் செஞ்சிப் பக்கத்துக்காரர் யார் என்று தோன்றியது. ஆஜர் பட்டியலை எடுத்தேன். ஏழுமலை, தகப்பனார் பெயர் இன்னது, ஊர் செஞ்சி தாலுகா. தாயார் பெயருக்கு அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் கிடையாது.

பாயிண்டுக்கு ஓடினேன். ரிக் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

“மேஸ்திரி, உங்க அம்மா பேர் என்ன?”

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பதினாறு பேர் பார்க்கிறார்கள். அம்மாவைப் பெயர் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“எதுக்குங்க இப்ப?”

“சொல்லுங்க.”

கண்ணாலேயே அந்த மஞ்சள் பூசிய கல்லைக் காட்டினார். “அந்தம்மா பேருதாங்க.”

“உங்க வீட்டுல மணின்னு யாராவது இருக்காங்களா?”

“என் தம்பிங்க, சுப்புரமணி. மணின்னுதான் கூப்புடுவோம். ஏன் ரைட்டரே? இன்னா ஆச்சு?”

தந்திகளை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு முடியவில்லை, உங்களை உடனே புறப்படச் சொல்லி உங்கள் தம்பி நேற்றே தந்தி கொடுத்திருக்கிறார், நான் அதைப் போர் போடும் உத்தரவு என்று நினைத்துவிட்டேன் என்றேன். ‘ஸ்டார்ட்’ என்பதற்குப் புறப்படு என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது எனக்கு அந்த மணலில் நின்றபோதுதான் விளங்கியது. ‘சிங்கிங்’ என்றால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதும்.

மேஸ்திரி ஒரு குழாயின் மேல் உட்கார்ந்தார்.

“நேத்தே வந்துதா?”

“ஆமாம்.”

“நேத்து நான்தானேங்க தேங்கா ஒடச்சேன்.” கையிலிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்தார். அப்புறம் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். “நல்லபடியா எறக்கி வுட்டுடுன்னு நானே வேண்டிக்கினனேங்க.”

எனக்குப் பின்னால் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவனை நான் திட்டவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாத இடத்தில் மனுஷன் இருமத்தான் செய்வான்.

மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து நேராக ரிக்குக்குப் போனார். நாற்பத்தைந்து அடி ஆழத்தில் ராடுகள் நிற்கின்றன. அப்படியே விட்டுவிட்டுப் போனால் மணல் சரிந்து ராடுகளைக் கவ்விக்கொள்ளும். “இத இழுத்துட்டுப் போறங்க. ரெண்டு மணி நேரம்” என்றார்.

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ராடு கம்பெனியுடையது. ஷெட்டில் ஜீப் நிற்கிறது, ஆனால் அது சாயந்திரம் எஞ்சினியருக்காக விருத்தாசலம் போக வேண்டும். பஸ் பிடித்தால் பண்ருட்டியில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று மாற வேண்டும், இருட்டிவிடும். கேட்டு முடிவு செய்ய யாரும் இல்லை. உத்தரவைத் தவறாகப் படித்து ஒரு நாளைத் தின்றவன், இனி உத்தரவுக்காகக் காத்திருந்து இன்னொரு நாளையும் தின்ன வேண்டாம் என்று தோன்றியது.

“ராடு போனா போகட்டும் மேஸ்திரி. மத்தவங்க இழுத்த வரைக்கும் இழுக்கட்டும். நீங்க ஜீப்புல ஏறுங்க.”

“எஞ்சினியரு?”

“அவருக்குக் காலு இருக்கு.”

இந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தானா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். செய்த தப்புக்கு அவரோடு போவதுதான் மரியாதை என்று, தந்திகளை எஞ்சினியர் மேஜையில் வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

டிரைவர் பெயர் தாஸ். பண்ருட்டிக்காரர். எது நடந்தாலும் அதில் முறை என்ன, வழக்கம் என்ன என்று பேசுகிறவர். காடாம்புலியூர் வரும்வரை பொறுத்திருந்தார். அது பலாப்பழக் காலம். சாலை ஓரம் முழுக்கப் பழம் குவித்து வைத்திருந்தார்கள். ஜீப்பை நிறுத்திவிட்டார்.

“வெறுங்கையோடயா போறது? பெத்த தாயப் பாக்கப் போறோம்.”

“தாஸ், அங்க என்ன நிலைமைன்னே தெரியாது. சாவு வீடா இருந்தா பலாப்பழத்தோட போயி இறங்கறதா?”

“நல்லா இருந்துட்டா? இருக்கறவங்களுக்கு ஒண்ணும் வாங்காம வந்தோம்னு ஆயிடுமே.”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மேஸ்திரியைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “வாங்குங்க. அதுக்குப் பலான்னா உசுரு” என்றார். சொன்னதும் ‘உசுரு’ என்ற சொல் அவரையே குத்திவிட்டது போல, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். செஞ்சி வரைக்கும் பதினைந்து ராத்தல் பலாப்பழம் என் மடியில். முள் குத்தியது. குத்தட்டும் என்று நகர்த்தாமல் இருந்தேன்.

அவர்கள் கிராமத்துக்குள் நுழையும்போது ஐந்து மணி. தெருமுனையிலேயே மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார். ஒப்பாரி இல்லை, பறை இல்லை. ஆனால் வீட்டுக்கு முன்னால் பெரிய கூட்டம். அவர் ஜீப் நிற்பதற்குள் குதித்து, “அம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினார். நான் பலாப்பழத்தோடு பின்னால் ஓடினேன்.

வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு மெலிந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு, யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

“...எவன்டா அவன்? எனக்கு நாள் குறிக்கிறவன் எவன்டா?”

மகனைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் கோபம் குறையவில்லை.

“ஏன்டா, எந்தக் கம்பெனியிலடா நீ வேல செய்யற? எமன் கம்பெனியா?”

தம்பி மணிதான் நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை லேசாகக் கண் திறந்திருக்கிறாள். மத்தியானம் எங்கள் பதில் தந்தி வந்திருக்கிறது. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர்தான் மணிக்குத் தந்தி எழுதித் தந்தவர். அவரையே வீட்டுக்கு அழைத்து வந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உரக்க, தமிழில் சொல்லியிருக்கிறார்: “அம்மா சாவறது திருப்தியா நடந்துக்கினு இருக்குதாம். ஒரு பிரச்சனையும் இல்லையாம். மூணு நாள்ல முடிச்சுடுவாங்களாம். நம்மள பொறுமையா இருக்கச் சொல்றாரு மேனேஜரு.”

“அதக் கேட்டுட்டுதாங்க எழுந்து ஒக்காந்துச்சு” என்றார் மணி. “கஞ்சி குடுன்னு கேட்டுச்சு. அப்பலேந்து திட்டிக்கினே இருக்குது.”

இப்போது அந்த அம்மாளின் பார்வை என் மேல் விழுந்தது.

“இது யாரு, பலாப்பழத்தோட?”

“எங்க ஆபீஸ் ரைட்டரும்மா” என்றார் மேஸ்திரி.

“ஆபீசா? அப்ப ஒனக்குத் தெரியுமே. அந்தத் தந்தி எழுதுனது எவன்?”

மேஸ்திரி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாஸ் வானத்தைப் பார்த்தார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அந்தச் சமயத்தில் ‘மேனேஜர் எழுதினார்’ என்று சொல்லியிருக்கலாம், பாரத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பமே தின்னாமல் தூங்காமல் கிடந்த வாசலில் நின்றுகொண்டு, மறுபடியும் வேறொருவர் நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

“நான்தாம்மா எழுதினேன்.”

போர், பாயிண்ட், கல், பெயர் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நாப்பது அடி போயிருக்கீங்களே, தண்ணி வந்துதா?”

“இன்னும் இல்லம்மா.”

“அது இன்னா சொன்ன, சிங்கியா? அப்படின்னா இன்னா?”

“சிங்கிங். முழுகறதுன்னு அர்த்தம்.”

“நானா? முழுவறனா?” தெருவைப் பார்த்துக் கையை நீட்டினாள். “ஏரி காஞ்சு ரெண்டு வருசமாவுது. கொடம் முழுவத் தண்ணி இல்ல இந்த ஊருல. நான் எங்கடா போயி முழுவறது?”

முதலில் மணி சிரித்தார். அப்புறம் கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி அழுதுகொண்டே சிரித்தார். பழத்தை அங்கேயே அறுத்தார்கள். வேண்டாம், வேண்டாம் என்று எல்லோரும் தடுக்கத் தடுக்க அவள் இரண்டு சுளை தின்றாள்.

அப்புறம்தான் மணியிடம் கேட்டேன், அந்தச் சொல்லை யார் தேர்ந்தெடுத்தது என்று. ‘இழுத்துக்கினு கெடக்குது’ என்று அவர் சொன்னாராம். எழுதிக் கொடுப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சீரியஸ்னு போட்டா ஆபீஸ்ல லீவு தர மாட்டாங்க. அது சும்மா வயித்து வலிக்குக் கூடப் போடுவாங்க. சிங்கிங்னு போடுவோம். அதுக்கு மேல எக்ஸ்பயர்டுதான் இருக்குது” என்றாராம். மேஸ்திரி பெயரைச் சேர்த்தால் ஒரு சொல் கூடும், மேனேஜருக்குத்தான் போகிறதே, அவருக்குத் தெரியாதா என்று அதையும் விட்டுவிட்டார்களாம்.

திரும்பி வரும்போது நான் இந்த இரண்டு சொல்லையும் நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த ஆங்கிலச் சொல்லைப் பிறப்பித்தவர்கள் கப்பலில் பிழைத்தவர்களாக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் ஓர் ஆள் இறங்கி இறங்கி மறைவதைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். நம் ஜனங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு உள்ளே போகும்போது இழுக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள். அதனால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றார்கள். அகராதியில் நான் தேடிப் பார்த்ததில்லை. தவறாக இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நம் தொழிலில் இறக்குவதும் இழுப்பதும் நேர் எதிர் வேலை. செஞ்சியில் ஒரு மனு எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாக்கி ஒரு பாரத்தில் எழுதி எனக்கு அனுப்பியிருந்தார்.

மேஸ்திரியை அங்கேயே விட்டுவிட்டு, புதன்கிழமை காலை முகாமுக்குத் திரும்பினோம். எஞ்சினியர் என் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விருத்தாசலத்தில் இரண்டு மணி நேரம் ஜீப்புக்காக நின்றுவிட்டு, சவுக்குக் கட்டை ஏற்றிய லாரியில் வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையில் பட்டைத்தூள். மேஜையில் இரண்டு தந்தியும் விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் பாயிண்டே வேண்டாம் என்று சென்னையில் முடிவாகிவிட்டதாம். பாயிண்டிலோ நாற்பத்தைந்து அடி ஓட்டை. மூன்று ராடு உள்ளே மாட்டிக்கொண்டன.

“சொல்லு” என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ‘அவருக்குக் காலு இருக்கு’ என்றதை மட்டும் மறைத்தேன். சொல்லி முடித்ததும் டைப்ரைட்டரில் பேப்பரைச் செருகச் சொன்னார். எனக்கான மெமோவை அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். நம்பருக்குப் பதில் பெயரை எழுதியது, தந்தி புறப்பட்ட இடத்தைப் பார்க்காதது, அனுமதியில்லாமல் போர் தொடங்கியது, ராடு மூன்று. நான்கு குற்றம். ஐந்தாவதாக ஜீப் வரும் என்று விரல் காத்திருந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

“அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க சார். பலாச்சுளை சாப்பிட்டாங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “நான் படிச்சுக்கிட்டு இருந்தப்ப எங்கப்பாவுக்கு முடியலைன்னு தந்தி வந்தது. சீரியஸ்னு இருந்தது. மறுநாள் பரீட்சை. சீரியஸ்தானே, இன்னும் ஒரு படி இருக்கேன்னு பரீட்சையை எழுதிட்டுப் போனேன்.” திரும்பி வந்து, பேப்பரை அப்படியே உருவி வாங்கிக்கொண்டார். மெமோவில் ஐந்தாவது குற்றம் கடைசி வரை ஏறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லீவு ரிஜிஸ்டரைக் கேட்டார். ஏழுமலை பெயருக்கு நேராக ஒரு வாரம் என்று எழுதினார்.

“சார், அந்தம்மாதான் எழுந்து உட்கார்ந்துட்டாங்களே. மேஸ்திரி நாளைக்கே வந்துடறேன்னு சொல்லியிருக்கார்.”

“வர வேண்டாம்னு தந்தி கொடு. ஏழுமலைன்னு பேர் போட்டுக் கொடு.”

காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த ரிஜிஸ்டரில் முன்பக்கங்களைப் புரட்டினால் அந்தக் கட்டம் முழுக்கத் தாயார் சீரியஸ், மாமனார் மரணம், மனைவிக்குக் காய்ச்சல் என்றுதான் இருக்கும். அவர் பேனாவை எடுத்து, ‘தாயார் நலமாக இருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தின் நகலைச் சென்னைக்கு அனுப்பினேன். காரணம் பொருத்தமாக இல்லை, திருத்தி அனுப்பவும் என்று திரும்பி வந்தது. எஞ்சினியரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “அப்படியே மறுபடியும் அடி” என்றார். அடித்து அனுப்பினேன்.